மண்வெட்டி, பறை, பட்டா

(மாணவர் முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'கலையும் தோட்டமும் சுற்றுச்சூழல் போராட்டமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்காங்க. தலைப்பைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது எங்க தெரு ஆயா ஒருத்தர்தான். எங்க காலனிக்குப் பின்னால ஒரு குப்பைமேடு இருக்கு. ஊர்க் குப்பை முழுக்க அங்கதான் வந்து விழும். ஊருக்குள்ளயும் புறம்போக்கு இருக்கு, ஆனால் குப்பை வண்டிக்கு அந்த வழி தெரியாது, சேரிக்கு வர்ற வழி மட்டும்தான் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால எங்க பிள்ளைங்க பத்துப் பதினைஞ்சு பேர் சேர்ந்து அந்த மேட்டின் ஓரத்துல ஒரு துண்டைச் சுத்தம் பண்ணினோம். முருங்கை, அகத்தி, பூவரசு வச்சோம். பக்கத்துல இருந்த இடிஞ்ச சுவரைப் பூசி அண்ணலின் படத்தை வரைந்தோம். சாயங்காலம் அங்கேயே பறைப் பயிற்சி. ஒருநாள் ஆயா வந்து எல்லாத்தையும் சுத்திப் பார்த்துட்டுக் கேட்டுச்சு: "செடி வெக்கிறீங்க, படம் போடுறீங்க, மேளம் அடிக்கிறீங்க. எல்லாம் நல்லாத்தான் கீது. நெலம் யாரு பேர்ல கீது?"

எங்களுக்குப் பதில் தெரியல. இன்றைய என் பேச்சு அந்தக் கேள்விக்குப் பதில் தேடுறதுதான்.

முதலில் நம்முடைய சந்தேகத்தைப் பேசிவிடலாம். 'சுற்றுச்சூழல்' என்ற வார்த்தையைக் கேட்டாலே நம்மில் பலருக்கு ஒரு கசப்பு வருகிறது. அது நியாயமான கசப்பு. மரம், பறவை, ஏரி என்று பேசுகிறவர்களின் கண்ணுக்குச் சேரி எப்போதும் அசுத்தமாகவும் 'ஆக்கிரமிப்பாக'வும்தான் தெரிகிறது. சென்னையில் ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று ஒவ்வொரு முறை அறிவிப்பு வரும்போதும் முதலில் இடிபடுவது கரையோரக் குடிசைதான். ஆற்றில் விழும் சாக்கடைக் குழாய் அப்படியே இருக்கும். 2000ஆம் ஆண்டிலிருந்து இப்படிப் பெயர்த்தெடுக்கப்பட்ட தலித்துகளையும் மற்ற உழைக்கும் மக்களையும் கொண்டுபோய் வைத்த இடம்தான் கண்ணகி நகர். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளம் வரும் என்று சொல்லி அப்புறப்படுத்தியவர்கள், மழை வந்தால் தண்ணீர் தேங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். 2015 வெள்ளத்தில் செம்மஞ்சேரி மிதந்தது எல்லோருக்கும் தெரியும்.

2020இல் அதே கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களை வரைந்து, சென்னையின் முதல் 'கலை மாவட்டம்' என்று அறிவித்தார்கள். வரைந்த ஓவியர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தச் சுவர்களைப் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு அது பிடித்துமிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி இருக்கு. பிழைப்பையும் பள்ளிக்கூடத்தையும் பறிகொடுத்துட்டு வந்த ஜனங்க குடியிருக்கிற சுவருக்கு வண்ணம் பூசினால், பறிபோனது திரும்ப வருமா? கலை அங்கே எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் நாமும் தூரிகையைத் தூக்கக் கூடாது.

அதற்காக, சுற்றுச்சூழல் நமக்கு வேண்டாத விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் இயக்கத்தின் முதல் பெரும் போராட்டமே தண்ணீர்ப் போராட்டம்தான். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஆடுமாடு குடிக்கலாம், இவர்கள் குடித்தால் தீட்டு என்று சொன்னவர்கள், அதற்குப் பிறகு பசுஞ்சாணத்தையும் கோமியத்தையும் கொட்டிக் குளத்தைச் 'சுத்தம்' பண்ணினார்கள். மாசு என்ற சொல்லுக்குச் சாதி கொடுக்கிற அர்த்தம் இதுதான். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. இது சாதிப் பிரச்சினையா, சுற்றுச்சூழல் பிரச்சினையா என்று யாராவது பிரித்துக் காட்டட்டும், பார்க்கலாம். அமெரிக்கக் கறுப்பர்கள் இதைப் பிரிக்கவில்லை. 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பர்கள் அதிகம் வாழும் பகுதியாகப் பார்த்து நச்சு மண்ணைப் புதைக்கக் கொண்டுவந்தபோது, லாரிக்கு முன்னால் படுத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். நச்சு மண் புதைக்கப்பட்டுவிட்டது, போராட்டம் தோற்றது. ஆனால் 'சுற்றுச்சூழல் இனவெறி' என்ற பேச்சு அங்கிருந்துதான் நாடு முழுக்கப் பரவியது.

அதே நாட்டில் குப்பை, தோட்டம், பாட்டு, படம் நாலையும் ஒரே போராட்டமாகச் செய்து பார்த்த மக்கள் இருக்கிறார்கள். நியூயார்க் நகரத்தில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோ ஏழைகள். கரும்புத் தோட்டக் கூலிகளின் வாரிசுகள், பலர் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள். கருஞ்சிறுத்தைகளைப் பார்த்து 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் உருவானதை நாம் படித்திருக்கிறோம். அதே கருஞ்சிறுத்தைகளைப் பார்த்து இவர்களிடையே உருவான அமைப்பு 'யங் லார்ட்ஸ்'. 1969 கோடையில் அவர்கள் நியூயார்க்கில் எடுத்த முதல் போராட்டமே குப்பைப் போராட்டம். நகராட்சி வண்டி அவர்களுடைய தெருவுக்கு ஒழுங்கா வராது. இளைஞர்களே கூட்டினார்கள். துடைப்பம் கேட்டார்கள், கொடுக்கவில்லை. கூட்டிய குப்பையை எல்லாம் கொண்டுபோய் மூன்றாவது அவென்யூவின் நடுவில் குவித்துத் தீ வைத்துப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். குப்பை அதுக்கப்புறம்தான் அரசியலாச்சு.

அடுத்த பத்து வருஷத்தில் தெற்கு பிராங்க்ஸ் பகுதி எரிந்தது. வங்கிகள் அந்தப் பகுதிக்குக் கடன் கொடுக்க மாட்டார்கள். வீட்டுக்காரர்களில் பலர் காப்பீட்டுப் பணத்துக்காகத் தங்கள் கட்டடங்களுக்குத் தாங்களே ஆள் வைத்துத் தீ வைத்தார்கள். நகராட்சியோ செலவைக் குறைக்கிறோம் என்று தீயணைப்பு நிலையங்களை மூடியது. எரிந்து இடிந்த மனைகள் வரிபாக்கியில் நகராட்சி வசம் போய், கல்லும் கண்ணாடியும் குப்பையுமாகக் கிடந்தன. அந்த மனைகளில்தான் ஜனங்கள் இறங்கினார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. குப்பையை அள்ளி, சோளம், மிளகாய், பீன்ஸ் போட்டார்கள். இடிந்த கட்டடத்தின் பெயின்ட்டில் ஈயம் இருக்கும், அது மண்ணில் இறங்கியிருக்கும் என்பதால் மரப்பலகையில் பாத்தி கட்டி, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து நிரப்பினார்கள். நடுவில் ஒரு சின்ன மரவீடு. அதற்கு 'காசிட்டா' என்று பெயர். அவர்கள் ஊரில் நிலமில்லாதவன் சதுப்பு ஓரத்தில், புறம்போக்கில் போட்டுக்கொள்ளும் குடிசையின் அதே வடிவம். நாம மறைக்க நினைக்கிற குடிசையை அவங்க நகரத்துக்கு நடுவுல பளிச்சுனு வண்ணமடிச்சு நிறுத்தினாங்க.

அந்தக் காசிட்டா வாசலில் என்ன வாசித்தார்கள் தெரியுமா? 'பிளேனா' என்ற பாட்டு. அதற்கு அடிக்கிற கருவி 'பாண்டெரெத்தா'. மரச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டி, கையில் பிடித்து அடிக்கிற கருவி. நம்ம பறைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும், குச்சி இல்லாம வெறும் கையால அடிப்பாங்க, அவ்வளவுதான். வேலைநிறுத்தம், வெள்ளம், கொலை, ஊர் வம்பு எல்லாவற்றையும் அன்றன்றைக்குப் பாட்டாகக் கட்டிச் சொல்வதால் பிளேனாவுக்குப் 'பாட்டுச் செய்தித்தாள்' என்றே பெயர். கனவான்கள் அதைக் கேவலமான கறுப்பன் சத்தம் என்று ஒதுக்கினார்கள். 1970களின் கடைசியில் அந்தப் பகுதியில் உருவான 'ரின்கோன் கிரியோயோ' என்ற தோட்டம்தான் அந்த இசைக்குப் பள்ளிக்கூடமாக ஆனது. தக்காளிச் செடிக்குத் தண்ணி ஊத்த வந்த பிள்ளை, போகும்போது ஒரு தாளம் கத்துக்கிட்டுப் போச்சு.

இங்கே நிறுத்தி நம்ம பறையைப் பேசணும். 'பறை' என்றால் சொல் என்றும் அர்த்தம் இருக்கிறது என்று பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் நம் ஊர்களில் பறையைக் கீழே வைத்ததும் ஒரு விடுதலைப் போராட்டம்தான். சாதி இந்துவின் சாவுக்கு இனி அடிக்க மாட்டோம் என்று சொல்லி அடிவாங்கியவர்கள், ஊர்விலக்கம் பட்டவர்கள் நம்ம அப்பன் பாட்டன்கள். 1990களில் பறையை மேடைக்குக் கொண்டுவந்தபோது, விட்டொழித்ததை ஏன் மறுபடியும் தூக்குகிறீர்கள் என்று நமக்குள்ளேயே சண்டை வந்தது. அந்தச் சண்டையில் ரெண்டு பக்கமும் உண்மை இருந்தது என்றே நினைக்கிறேன். யார் கூப்பிட்டு அடிக்கிறோம், யாருக்காக அடிக்கிறோம், வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கிறதா, இந்த மூன்றும்தான் விஷயம். சுற்றுச்சூழல் ஊர்வலம் என்று கூப்பிட்டு, முன்னால் பறையடிக்க நம்மை விட்டுவிட்டு, மேடையில் பேச வேறு ஆள் ஏறினால் அதுவும் பழைய ஊழியம்தான். தோட்டத்துக்கும் இதே கணக்கு. ஊரான் தோட்டத்துக்கெல்லாம் மண்வெட்டி பிடித்தவர்கள் நாம். நமக்குச் செடி வளர்க்கக் கற்றுக்கொடுக்க யாரும் வர வேண்டியதில்லை. நமக்கு இல்லாமல் போனது நிலம்.

சரி, பிராங்க்ஸுக்குத் திரும்புவோம். ஜனங்க இருபது வருஷம் உழைச்சுப் பச்சையாக்கின பிறகு நிலத்துக்கு விலை வந்தது. நகராட்சி தோட்டங்களை விற்கத் தீர்மானித்தது. பிரேசில் காட்டைக் காக்கப் போராடி 1988இல் கொல்லப்பட்ட ரப்பர் தொழிலாளி சிக்கோ மெண்டெஸ் பெயரில், சுவரெல்லாம் ஓவியம் நிறைந்த தோட்டம் ஒன்று மன்ஹாட்டனில் இருந்தது. 1997இன் கடைசி நாட்களில் அதை இடித்துத் தள்ளினார்கள். அன்றைய மேயர் ஜூலியானி, இது சந்தைப் பொருளாதாரம், கம்யூனிசக் காலமெல்லாம் முடிந்தது என்கிற தொனியில் பதில் சொன்னார். ஏழைகளுக்கு வீடு கட்டத்தானே இடம் கேட்கிறோம் என்றும் நகராட்சி சொன்னது. கவனியுங்கள், இது நமக்கும் பழக்கமான தந்திரம். ஏழையின் வீட்டை ஏழையின் தோட்டத்தோடு மோதவிடுவது. காலி மனை வேறு ஆயிரக்கணக்கில் கிடந்தது, அதைப் பற்றிப் பேச்சில்லை.

ஜனங்கள் எதிர்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். 1998இல் ஏலம் நடந்த மண்டபத்துக்குள் ஆயிரக்கணக்கான சுவர்க்கோழிகளை, ராத்திரியில் கத்துமே அந்தப் பூச்சியை, திறந்து விட்டார்கள். சூரியகாந்தி மாதிரியும் காய்கறி மாதிரியும் வேஷம் கட்டி நகர மன்றத்துக்குப் போனார்கள். 1999இல் நூற்றுப் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் ஏலத்துக்கு வந்தபோது, நிலம் காக்கும் ஒரு அறக்கட்டளையும், நடிகை பெட் மிட்லர் தொடங்கிய அமைப்பும் சேர்ந்து சுமார் 42 லட்சம் டாலருக்கு வாங்கிக் காப்பாற்றின. விலைக்குப் போகாமல் மற்ற நூற்றுக்கணக்கான தோட்டங்கள் மிச்சமிருந்தன. அதில் ஒன்று எஸ்பெரான்சா. ஸ்பானிய மொழியில் 'நம்பிக்கை' என்று அர்த்தம். ஒரு போர்ட்டோ ரிக்கோ குடும்பம் 1977இல் குப்பை மனையில் தொடங்கியது. அதைக் காக்க அவர்கள் தோட்டத்து வாசலில் ஒரு பெரிய தவளை கட்டினார்கள். ஆள் உள்ளே படுத்துக் காவல் காக்கிற அளவுக்குப் பெரிது. 'கோக்கி' என்பது அவர்கள் தீவின் குட்டித் தவளை. தன் குரலாலேயே பெரிய அரக்கனை விரட்டியது என்று கதை. அந்தக் கதையைத்தான் கட்டி நிறுத்தினார்கள்.

2000 பிப்ரவரி 15 காலையில் புல்டோசர் வந்தது. சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டவர்களை அறுத்து எடுத்துக் கைது செய்தார்கள். தோட்டம் போச்சு, தவளையும் போச்சு. அதே நாளில் நீதிமன்றத்தில் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் கேட்டிருந்த தடை ஆணை கிடைத்தது. எஸ்பெரான்சாவுக்குச் சில மணி நேரம் தாமதம். மற்றத் தோட்டங்களை அந்த ஆணை காத்தது. 2002இல் ஏற்பட்ட உடன்பாட்டில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் நிலைத்தன, ஒரு பகுதி வீடு கட்டக் கொடுக்கப்பட்டது.

இதில் நாம் படிக்க வேண்டியது என்ன? நீதிமன்றத் தடை வந்ததால்தான் பிழைத்தது, பாட்டும் தவளையும் சும்மா வேடிக்கை என்று ஒருத்தர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோணல. அந்த நிலத்துக்கு அந்த ஜனங்களிடம் பத்திரம் கிடையாது. இருபது வருஷம் அங்கே விதைத்தார்கள், பாடினார்கள், சுவரில் பெயர் எழுதினார்கள், செத்தவர்களை நினைத்தார்கள் என்பதுதான் அவர்களுடைய பத்திரம். தினமும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வரும் இடத்தை ராத்திரியில் வளைக்க முடியாது. தாளம் கேட்டால் தெரு கூடும். சுவரில் கதை இருந்தால் அது யாருடைய இடம் என்று வழிப்போக்கனுக்கும் தெரியும். வழக்கறிஞர் அதைத்தான் சட்ட மொழியில் எழுதிக் கொடுத்தார்.

அவர்களுடைய தோல்வியையும் மறைக்காமல் பார்க்கணும். தோட்டம் வந்ததால் சுற்றுவட்டாரம் அழகானது. அழகானதால் வாடகை ஏறியது. வாடகை ஏறியதால் தோட்டம் போட்ட ஏழைகளில் பலர் அங்கே குடியிருக்க முடியாமல் வெளியேறினார்கள். செடி பிழைச்சுது, நட்டவன் போயிட்டான். ரின்கோன் கிரியோயோவும் கட்டட வேலைக்காக 2000களின் நடுவில் பழைய இடத்தை விட்டுக் கொஞ்ச தூரம் தள்ளிப் போக வேண்டி வந்தது. ஆயா கேட்ட கேள்வி அங்கேயும் நிற்கிறது.

நமக்கு அந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் வெள்ளை அரசு நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுதான் பஞ்சமி நிலம். நம் மக்களைத் தவிர மற்றவருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்ட நிலம். அது யார் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பது ஊர் அறிந்த கதை. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். சுற்றுச்சூழல் தியாகிகள் என்று யாரும் அவர்கள் பெயரைச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். நிலத்தை ரசாயனம் போடாமல் காப்பதற்கு முதலில் நிலம் நம் கையில் இருக்க வேண்டாமா?

அதனால் மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள் சொல்கிறேன்.

முதலாவது, செடி நடப்போகும் முன் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். அந்தச் சர்வே எண்ணுக்கு அ-பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது, அடங்கலில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

ரெண்டாவது, மண்ணைப் பாருங்கள். குப்பைமேட்டு மண்ணிலும் தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடும் இடத்திலும் கீரை போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். வேளாண் துறையின் மண் பரிசோதனை சத்தைத்தான் சொல்லும், நஞ்சைச் சொல்லாது. நஞ்சுக்குத் தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேட்கணும். அந்த முடிவு தோட்டத்துக்கு மட்டுமில்லை, வழக்குக்கும் உதவும்.

மூன்றாவது, பாட்டை அழகுக்காகக் கட்டாதீர்கள். எந்த லாரி எத்தனை மணிக்கு வந்து கொட்டுகிறது, எந்தக் கிணறு நிறம் மாறியது, அதைப் பாட்டில் வையுங்கள். நம் தெருவில் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது ஆவணம்.

நான்காவது, பறையைப் பெண் பிள்ளைகள் கையில் கொடுங்கள், மண்வெட்டியை ஆண்பிள்ளைகளும் துடைப்பத்தோடு சேர்த்துப் பிடிக்கட்டும். சேரிக்குள்ளேயே ஒரு சேரி வைத்துக்கொண்டு ஊரைக் கேள்வி கேட்க முடியாது.

கடைசியாக எங்கள் தோட்டத்துக்கு என்ன ஆச்சு என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். மரம் தோளுயரம் வந்த பிறகு ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். குப்பை கொட்டும்போது அது ஆக்கிரமிப்பு இல்லை, செடி வைத்ததும் ஆக்கிரமிப்பு. அன்றைக்குச் சாயங்காலம் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சினோம். தெருத்தெருவாகப் போய் அடித்து நிறுத்தி, அந்த நோட்டீசை ஒரு தங்கச்சி வரிவரியாக வாசித்துக் காட்டியது. காலனியில் மட்டுமில்லை, ஊர்த் தெருவிலும் வாசித்தோம். அந்தத் தெருவில் பறை சாவுக்கு இல்லாமல் செய்திக்காக ஒலித்தது அன்றைக்குத்தான். மறுநாள் அறுபது பேர் கையெழுத்துப் போட்ட மனுவோடு தாசில்தார் அலுவலகத்துக்குப் போனோம். அ-பதிவேட்டின் நகல் கேட்டு விண்ணப்பமும் கொடுத்தோம்.

நகல் இன்னும் வரல. புல்டோசரும் இன்னும் வரல. முருங்கை காய்ச்சிருக்கு, ஆனா மண் சோதனை முடிவு வர்ற வரைக்கும் பறிக்கிறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம். ஆயா மட்டும் தினம் வந்து திண்டுல உட்கார்ந்துக்குது. நாங்க தாளம் பழகும்போது நடுவுல நிறுத்திக் கேக்குது: "ஆபீசுக்குப் போனீங்களா? யாரு பேர்ல கீதாம்?"

அந்தக் கேள்வியை உங்க ஊருக்கும் எடுத்துக்கிட்டுப் போங்க, தோழர்களே.

ஜெய்பீம்.